சாமானுக்கு ஒரு விலை, கைக்கு ஒரு விலை

இலங்கையில் கலியாணக் கேக்குக்கு விலை கேட்டு வருகிறவர்கள் கேக்கின் உயரத்தையோ அழகையோ பற்றி முதலில் பேசமாட்டார்கள். “ஒரு துண்டு என்ன விலை?” என்பதுதான் முதற் கேள்வி. அடுத்தது, “ஸ்ரக்சர் வாடகை எவ்வளவு?” வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு இந்த இரண்டு கேள்வியும் விளங்காது. மண்டபத்து மேடையோரம் நாலு தட்டாக நிற்கிற அந்த வெள்ளைக் கேக் பெரும்பாலும் கேக்கே அல்ல. றிஜிபோம் வட்டங்களை அடுக்கி, மேலே ஐசிங் பூசி, சீனிப் பூ வைத்த கூடு அது. அடித்தட்டில் கத்தி இறங்குவதற்கென்று ஓரிடத்தைத் தோண்டி, அதற்குள் உண்மையான கேக்கைப் பொருத்தி, ஐசிங்கால் மூடிவிடுவோம். மாப்பிள்ளையும் பொம்பிளையும் அந்த இடத்தில்தான் வெட்டவேண்டும். எந்தப் பக்கம் என்று படமெடுக்கிறவருக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பதும் எங்கள் வேலை. விருந்தினர் வீட்டுக்குக் கொண்டுபோகிற கேக் எங்களுடைய குசினியில் சதுரத் தட்டுகளில் வெந்து, விரல் நீளத் துண்டுகளாகி, சின்னப் பெட்டிகளில் ஏறி, வாசல் மேசையில் காத்திருக்கும். ஆகவே விலையும் இரண்டு: கூட்டுக்கு வாடகை, துண்டுக்கு விலை.

அம்மா 1960களின் கடைசியில் யாழ்ப்பாணத்தில் இந்தத் தொழிலைத் தொடங்கினார். நான் 1995 போர் இடப்பெயர்வுக்குப் பிறகு கொழும்பு வெள்ளவத்தையில் அதைத் தொடர்ந்தேன். அம்மாவின் கணக்குக் கொப்பிகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. பென்சிலால் எழுதியவை, நெய் பட்டுத் தாள் கண்ணாடிபோல ஆனவை. அவற்றை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது எனக்கு ஒரு விசயம் பிடிபட்டது. நாட்டில் சாமான் தட்டுப்பாடாக இருந்த காலங்களில்தான் கேக் அடிக்கிற பெண்ணின் கைக்குத் தனியாக ஒரு விலை இருந்திருக்கிறது. சாமான் தாராளமாகக் கிடைத்த காலங்களில் அந்த விலை காணாமற் போயிருக்கிறது. பொருளாதாரம் படித்தவர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ தெரியாது. கொப்பி சொல்வது இதுதான்.

அடுக்குக் கேக் எங்களிடம் வெள்ளைக்காரரோடு வந்தது. 1840இல் விக்ரோறியா மகாராணியின் கலியாணக் கேக் ஏறக்குறைய 300 ராத்தல் நிறையுள்ள ஒரே வட்டம்தான். 1858இல் அவருடைய மூத்த மகளின் கலியாணத்தில் அது கோபுரமாக உயர்ந்தது. ஆனால் மேல் அடுக்குகள் வெறும் சீனி வேலைப்பாடு. எல்லா அடுக்கும் உண்மையான கேக்காக நின்றது 1882இல், மகாராணியின் மகன் லியோபோல்டின் கலியாணத்தில். அப்படிப் பார்த்தால் கலியாணக் கேக் உயர்ந்த நாளிலிருந்தே அதில் பாதி வேசம் இருந்திருக்கிறது. இரண்டாம் உலகப்போரில், 1940இல், இங்கிலாந்து அரசாங்கம் கேக்குக்கு ஐசிங் போடுவதையே தடைசெய்தது. அப்போது பேக்கரிகள் அட்டையிலும் சுண்ணாம்புச் சாந்திலும் வெள்ளை மூடிகள் செய்து கலியாண வீடுகளுக்கு வாடகைக்கு விட்டன. அந்த மூடிக்குள் சின்னதாய் ஒரு கேக் இருக்கும். எங்கள் றிஜிபோம் ஸ்ரக்சரைக் கண்டு சிரிக்கிற லண்டன் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை நான் சொல்வதுண்டு.

உள்ளே இருக்கிற கேக் மட்டும் அசல் இலங்கைச் சரக்கு. இங்கிலாந்துப் பழக்கேக்கைக் கோதுமை மாவில் செய்வார்கள். எங்கள் றிச் கேக் வறுத்த றவையில் நிற்கிறது. வாதுமைக்குப் பதில் கஜு. அதோடு பூசணித் தோசி, சௌசௌ பிரிசேவ், இஞ்சிப் பிரிசேவ், செறி, தோடம்பழத்தோல், முந்திரிகை வற்றல், சுல்தானா. பிறகு தேன், பன்னீர், பிராந்தி, ஏலம், கறுவா, கராம்பு, சாதிக்காய். எல்லாவற்றுக்கும் மேல் முட்டை மஞ்சட்கரு. கால் கிலோ றவைக்குப் பன்னிரண்டு கரு போடுகிற வீடும் உண்டு, இருபத்தைந்து போடுகிற வீடும் உண்டு. கறுவாவும் கஜுவும் நம் மண்ணில் விளைகிறவை. சுல்தானாவும் செறியும் கப்பலில் வருகிறவை. ஒரு துண்டுக்குள் இரண்டும் இருப்பதால் டொலர் ஏறினாலும் நோகும், மழை பிழைத்தாலும் நோகும்.

இந்தக் கேக்கைக் கைப்பழக்கமாக்கிக் கொடுத்தவர்களில் ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் முக்கியமானவர்கள். லவ் கேக், புறூடர் எல்லாம் அவர்கள் வீட்டுச் சமையல். 1929இல் ஹில்டா டொய்ற்றம் தொகுத்து வெளிவந்த ‘சிலோன் டெய்லி நியூஸ்’ சமையற் புத்தகம் அந்தக் கைப்பாகங்களை ஆங்கிலம் வாசிக்கிற எல்லா வீட்டுக்கும் கொண்டுபோனது. யாழ்ப்பாணத்தில் அதற்கும் முன்னரே மிசன் பள்ளிக்கூடங்கள் இருந்தன. அமெரிக்க மிசனின் உடுவில் பெண்கள் பாடசாலை 1824இல் தொடங்கியது. அந்த மாதிரியான விடுதிப் பள்ளிகளில் தையலும் சமையலும் படித்து வந்த பெண்கள் வழியாகக் கேக் எங்கள் வீடுகளுக்குள் நுழைந்தது. அம்மா ஒரு பறங்கி அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று பழகியவர். 1956 மொழிச்சட்டத்துக்குப் பிறகு பறங்கியர் கூட்டம் கூட்டமாக அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். அந்த அம்மாவும் போனார். போகும்போது ஐசிங் ஊசிகளை என் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய வாடிக்கையாளரும் ஊசியோடு சேர்ந்து அம்மாவிடம் வந்துவிட்டார்கள்.

சைவ வீடுகளில் முட்டை சேர்ந்த பண்டத்தை மணவறைக்குக் கிட்டக் கொண்டுபோக மாட்டார்கள். அதனால் கேக் வெட்டு எழுத்து நாளுக்கோ பின்னேர வரவேற்புக்கோ தள்ளிப்போனது. கோயில் மண்டபமென்றால் அதுவும் இல்லை. ஆனால் துண்டு மட்டும் எப்படியும் பலகாரப் பையோடு வீட்டுக்குப் போய்விடும்.

அம்மா தொழில் தொடங்கிய காலத்தில் எங்கள் ஊரில் எத்தனை வீட்டில் அவண் இருந்தது? அடித்த கேக்கைத் தட்டில் ஊற்றி, மேலே வீட்டுப் பெயரெழுதிய கடதாசியை ஒட்டி, பாண் போறணைக்கு அனுப்புவார்கள். பாண் இறக்கிய பிறகு போறணையில் மிஞ்சுகிற சூடு றிச் கேக்குக்குச் சரியாக இருக்கும். றிச் கேக்குக்கு வேண்டியது மெல்லிய சூடும் நீண்ட நேரமும்தான். இரண்டரை மணித்தியாலம் அசையாமல் கிடக்கவேண்டும். போறணைக்காரருக்குத் தட்டுக்கு இவ்வளவு என்று கூலி. அம்மாவின் பழைய கொப்பியில் இந்தக் கூலி தனி வரியில் இருக்கிறது. அதற்குக் கீழே இன்னொரு வரி: “அடிச்ச கூலி.” அதுவும் றவையின் நிறைக் கணக்கில், ராத்தலுக்கு இவ்வளவு. எங்கள் பக்கத்தில் “ஒரு ராத்தல் கேக்” என்றால் ஒரு ராத்தல் றவை போட்ட கேக். பழமும் சீனியும் பட்டரும் கருவும் சேர்ந்து வெந்து இறங்கும்போது அது ஆறு கிலோவுக்குக் கிட்ட வரும். பின்னாளில் நாடு கிலோவுக்கு மாறியபோது, “கிலோ கேக்” என்றால் றவையில் கிலோவா, முடிந்த கேக்கில் கிலோவா என்று தெளிவாகப் பேசிக்கொள்ளாமல் பல வீடுகளில் மனத்தாங்கல் வந்தது.

“அடிச்ச கூலி” என்ற அந்த வரி ஏன் அவ்வளவு துலக்கமாக இருக்கிறது? காரணம் 1970களின் தட்டுப்பாடு. 1970இல் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. வெங்காயமும் மிளகாயும் உருளைக்கிழங்கும் வெளியிலிருந்து வராததால் எங்கள் தோட்டக்காரர் கையில் காசு புரண்டது. கல்வீடு கட்டினார்கள், மகளுக்குப் பெரிதாகக் கலியாணம் செய்தார்கள். கேக் ஓடர் கூடியது. ஆனால் கேக்குக்கான சாமான் இல்லை. சீனி கூப்பனில். பாணுக்கு விடியவே வரிசை. சுல்தானாவைக் கண்ணாற் காண முடியாது. ஆகவே கலியாண வீட்டார் தாங்களே சாமான் சேர்ப்பார்கள். கலியாணம் நிச்சயமான நாளிலிருந்து சொந்தக்காரர் வீடுகளின் கூப்பன் சீனி ஒரு ரின்னுக்குள் சேரும். முட்டை அவர்கள் வீட்டுக் கோழியுடையது. கொழும்பிலிருந்து வருகிற மாமா எங்கேயோ தேடிப்பிடித்து ஒரு போத்தல் செறி கொண்டுவருவார். எல்லாவற்றையும் ஒரு கடகத்தில் வைத்து அம்மாவிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அம்மா நிறுத்துப் பார்த்து, கொப்பியில் எழுதி, “இதுக்கு இவ்வளவுதான் வரும்” என்று சொல்வார். குறைந்த பழத்துக்குப் பூசணித் தோசியைக் கூட்டிப்போட்டு ஈடுகட்டுவார். அந்தப் பூசணி எங்கள் கோடிப்புறத்தில் காய்த்தது.

துணியைக் கொடுத்துச் சட்டை தைப்பிப்பதுபோல ஒரு கொடுக்கல் வாங்கல் அது. சாமான் அவர்களுடையது, கை அம்மாவுடையது. கை என்ன விலை என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும். பேரம் பேசுவதற்குச் சாமானில் ஒன்றும் இல்லை. முட்டை என்ன விலை, சீனி என்ன விலை என்று அம்மாவிடம் கணக்குக் கேட்க ஒருவருக்கும் வழியில்லை. அவர் வாங்கியதுமில்லை, அதில் இலாபம் வைத்ததுமில்லை. கூலியை மட்டும் பேசினார்கள். கூலி பேசக் கூச்சப்பட்டவர்கள் சேலை கொடுத்தார்கள். அம்மாவுக்குச் சேலை பிடிக்காது. “சேலையைக் கடைக்காரன் திருப்பி எடுப்பானோ?” என்று அவர்கள் போனபிறகு கேட்பார்.

அதே காலத்தில் முட்டையின் வெள்ளைக்கருவுக்கும் கணக்கு நேராக நின்றது. றிச் கேக் மஞ்சட்கருவைத்தான் தின்னும். மிஞ்சுகிற வெள்ளைக்கருவை அரித்த ஐசிங் சீனியோடும் தேசிக்காய்ப் புளியோடும் அடித்தால் றோயல் ஐசிங். இறுகினால் சுவர்போல நிற்கும். அதில்தான் அம்மா கம்பி வேலை, சரிகை வேலை எல்லாம் பிழிவார். ஒரே முட்டையில் உள்ளேயும் வெளியேயும் முடிந்துவிடும். பிற்காலத்தில் ஜெலற்றீனும் குளுக்கோசும் போட்டுப் பிசைந்து விரிக்கிற ஐசிங் வந்தது. பார்வைக்கு வழுவழுப்பு, கைக்கும் சுகம். ஆனால் அதற்கு வெள்ளைக்கரு தேவையில்லை. பேசின் நிறைய வெள்ளைக்கரு மிஞ்சி நிற்கும், முட்டைக் காசு முழுவதும் கேக்கின் தலையில் விழும். எங்கள் வீட்டில் கொஞ்சக் காலம் காலைச் சாப்பாடே வெள்ளைக்கருப் பொரியலாக இருந்தது. ஐசிங்கை மாற்றியவர்களில் எத்தனை பேர் விலையையும் மாற்றினார்கள் என்று நான் இன்றைக்கும் யோசிப்பதுண்டு. நான் மாற்றினேன்.

1977இல் ஜே.ஆர். ஜயவர்தன வந்தார். அந்த ஆண்டின் கடைசியிலேயே இறக்குமதிக் கதவு திறந்தது. கஸ்தூரியார் வீதிக் கடைகளில் சுல்தானா பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. பட்டர், மாஜரின், செறி, கலர், வெள்ளித்தாள் என்று கேட்டதெல்லாம் கிடைத்தது. கலியாண வீட்டார் கடகத்தோடு வருவது நின்றுபோனது. “அக்கா, எல்லாச் சாமானும் நீங்களே வாங்கிப் போடுங்கோ. முடிச்ச விலையைச் சொல்லுங்கோ” என்றார்கள். அம்மாவுக்கு முதலில் பெருமைதான். தொழில் வளர்ந்த மாதிரி இருந்தது. முதல்போட்டுச் சாமான் வாங்கினார், முடிந்த விலை சொன்னார்.

வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது. சாமான் கடையில் கிடைக்கிறது என்றவுடன் அதன் விலை எல்லாருக்கும் தெரியும். “சீனி இவ்வளவு, முட்டை இவ்வளவு, பழம் இவ்வளவு. அவ்வளவும் கூட்டினால் உங்கட விலையில பாதிதானே வருது, மிச்சம் என்னத்துக்கு?” இந்தக் கேள்வியை 1970களின் தொடக்கத்தில் அம்மாவிடம் ஒருவரும் கேட்டதில்லை. கேட்க முடியாது, ஏனென்றால் மிச்சம்தான் அப்போது முழு விலையே. இப்போது கூலி, விலைக்குள் ஒளிந்துகொண்டது. ஒளிந்திருக்கிற ஒன்றை வெட்டுவது சுலபம். அம்மாவும் விட்டுக்கொடுத்தார். 1980களின் கொப்பியில் “அடிச்ச கூலி” என்ற வரி இல்லை. சாமான்களின் பட்டியல், கூட்டுத்தொகை, அதற்குமேல் கொஞ்சம் சேர்த்து ஒரு முழுத்தொகை. அந்தக் கொஞ்சத்துக்குப் பெயர்கூட இல்லை.

1990 நடுப்பகுதியில் மீண்டும் போர் தொடங்க, வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருள் இல்லை, பற்றரி இல்லை, மின்சாரமே இல்லை. மண்ணெண்ணெய் போத்தல் விலை தலைசுற்ற வைத்தது. கலியாணங்கள் நிற்கவில்லை. கேக் ஆசையும் நிற்கவில்லை. அவண் பெட்டி மூலைக்குப் போனது. பெரிய சட்டியில் மணல் பரப்பி, அதற்குள் தட்டை வைத்து, கீழே விறகும் மூடிமேல் சிரட்டைத் தணலுமாகக் கேக்கை வேகவைத்தோம். ஒரு ஆள் பக்கத்திலேயே குந்தியிருந்து தணலை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் நான்.

கடகங்களும் திரும்பி வந்தன. தடையைக் கடந்து வந்த ஒரு ரின் பட்டரைத் துணியில் சுற்றி ஒருவர் கொண்டுவந்தது நினைவிருக்கிறது; தங்கநகைபோல இரண்டு கையாலும் தந்தார். அம்மாவின் கொப்பியில் அந்தப் பழைய வரியும் திரும்பி வந்துவிட்டது, அதே எழுத்தில்: “அடிச்ச கூலி.” அதோடு புதிதாக “தணல் பார்த்தது” என்று ஒரு வரி. அது எனக்குரியது. அந்தக் காசைக் கேட்டு ஒருவரும் முகம் சுளித்ததாக எனக்கு ஞாபகமில்லை. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே எழும்பி நடந்தபோது, கொப்பிகளும் ஐசிங் ஊசிகளும் அம்மாவின் கைப்பைக்குள் இருந்தன. தட்டுகள் போய்விட்டன.

கொழும்பில் எனக்குப் பழக்கமில்லாத ஒரு கணக்கு காத்திருந்தது. அதுதான் இந்தத் துண்டுக் கணக்கு. மண்டபக் கலியாணம், முன்னூறு நானூறு பேர். ஸ்ரக்சரை ஒருவர் வாடகைக்குக் கொடுப்பார், துண்டை இன்னொருவர் செய்வார். ஒரு ஸ்ரக்சர் நாலைந்து கலியாணம் பார்க்கும். பூவையும் றிபனையும் மாற்றிவிட்டால் புதிது. வாடகை கேட்பவரிடம் ஒருவரும் “சீனி எவ்வளவு போட்டீர்கள்” என்று கணக்குக் கேட்பதில்லை என்பதைக் கவனித்தேன். தின்ன முடியாத பொருளுக்குச் சொன்ன விலை. தின்கிற துண்டுக்குத்தான் முட்டைக் கணக்கு.

துண்டுக் கணக்கு எப்படி ஆளை விழுத்தும் என்று ஒரு தட்டை வைத்துச் சொல்கிறேன். பன்னிரண்டு அங்குலம் அகலம், பதினாலு அங்குலம் நீளமான தட்டு. துண்டு இரண்டு அங்குல நீளம், ஓர் அங்குல அகலம். காகிதத்தில் போட்டால் 84 துண்டு. முன்னூறு துண்டுக்கு நாலு தட்டு தாராளம். ஆனால் றிச் கேக்கின் ஓரம் காய்ந்து கறுத்திருக்கும், அதைப் பெட்டிக்குள் வைக்க முடியாது. சுற்றிவர அரை அங்குலம் சீவினால் தட்டு பதினொன்றுக்குப் பதின்மூன்றாகச் சுருங்கும். கத்தியை எப்படித் திருப்பித் திருப்பிப் போட்டாலும் 71 துண்டுக்கு மேல் வராது. நாலு தட்டில் 284. பதினாறு துண்டு குறைகிறது. அந்தப் பதினாறுக்காக ஐந்தாவது தட்டு அடிக்கவேண்டும். சாமான், காஸ், பொழுது எல்லாம் கால் பங்கு கூடிவிடும். விலை சொல்லும்போது 84ஐ வைத்துச் சொன்னவள் ஐந்தாவது தட்டைத் தன் கைக்காசில்தான் அடிப்பாள். சீவிய ஓரத்தைத் தின்கிற பிள்ளைகளுக்கு மட்டும் அது இலாபம்.

வெட்டுவதும் சும்மா வேலை அல்ல. கேக் வெந்து ஒரு கிழமையாவது ஆறவேண்டும். நீளக் கத்தியைச் சுடுதண்ணீரில் தோய்த்துத் துடைத்து, ஒரே இழுவையில் வெட்டி, மறுபடி துடைத்து, அடுத்ததை வெட்டவேண்டும். துடைக்காவிட்டால் செறியின் சிவப்பு அடுத்த துண்டின் கஜு ஐசிங்கில் தீற்றிவிடும். பிறகு எண்ணெய்க் கடதாசி, அதற்குமேல் வெள்ளித்தாள், பிறகு பெட்டி, பெயர் அச்சடித்த அட்டை, றிபன். ஊரில் இருக்கும்போது சுற்றுகிற வேலையைக் கலியாண வீட்டுப் பெட்டைகள் வந்து செய்தார்கள். இரவிரவாகச் சிரிப்பும் பாட்டுமாக முடிந்துவிடும், அது கணக்கில் வந்ததே இல்லை. கொழும்பு மாடிவீட்டுக்கு ஒருவரும் வரமாட்டார்கள். சுற்றுவதற்கு நான் ஆள் பிடித்துக் கூலி கொடுத்தேன். அந்தக் கூலியை மட்டும் விலையில் சேர்க்க எனக்குத் தயக்கமே இருக்கவில்லை. அடுத்தவளுடைய உழைப்புக்கு விலைபோட ஒரு நிமிடம், என்னுடையதற்கு வாய் திறக்க வருடங்கள்.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முன்னூறு துண்டுக்குச் சாமான் 30,000 ரூபா. துண்டுக்கு 100 ரூபா விழுகிறது. “அப்ப ஒரு 120 போடுங்கோவன், அன்ரி” என்பார் பொம்பிளையின் தமையன், பெரிய மனதோடு. அவர் தருகிற மேலதிகம் 6,000 ரூபா. பழம் நறுக்கியது, ஊறவைத்தது, அடித்தது, ஐந்து தட்டும் வேகும்வரை காத்திருந்தது, வெட்டியது, சுற்றியது, காஸ், கறண்ட், மண்டபத்துக்குக் கொண்டுபோகிற ஓட்டோ எல்லாம் அந்த ஆறாயிரத்துக்குள். தமையன் கணக்காளராக வேலை செய்கிறார்.

2002இல் யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 பாதை திறந்தபோதும், 2006இல் மூடியபோதும் ஊரில் கேக் விலை ஏறி இறங்கிய கதை தனியே எழுதவேண்டியது. 2009இல் போர் முடிந்த பிறகு வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து ஊரில் கலியாணம் செய்யத் தொடங்கினார்கள். பவுணில் சம்பாதிக்கிறவர்களுக்கு ஒரு விலை, உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை என்று சிலர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. கரு எண்ணிக்கை ஒன்றுதானே?

கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிற என் மச்சாள் ஒருத்தியும் கேக் செய்கிறாள். அவள் விலை எழுதுகிற முறை எங்களுக்கு நேர் தலைகீழ். முதல் வரியில் மணித்தியாலம். சீனிப் பூவுக்கு இத்தனை மணி, அடுக்கிக் கட்ட இத்தனை மணி, கொண்டுபோய் நிறுத்த இத்தனை மணி. சாமான் கடைசி வரியில். அந்த நாட்டில் பலரும் மணிக்கணக்கில் வேலைசெய்து மணிக்கணக்கில் சம்பளம் வாங்குவதால் அந்த வரியைக் கண்டு ஒருவரும் அதிர்ச்சியடைவதில்லை என்றாள். பதிலுக்கு அம்மாவின் 1970களின் கொப்பியைத்தான் அவளுக்குப் படமெடுத்து அனுப்பினேன். இரண்டும் அண்ணளவாக ஒரே கொப்பி.

2022 பொருளாதார நெருக்கடி வந்தது. சில மாதத்துக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. இரண்டரை மணித்தியாலம் வேகவேண்டிய கேக்கை எந்த நேரத்தில் அவணுக்குள் வைப்பது? காஸ் சிலிண்டருக்கு வீதியில் வரிசை. ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 சதவீதம் கூடியது. அதே ஓகஸ்டில் அரசாங்கம் முட்டைக்குக் கட்டுப்பாட்டு விலை போட்டது: வெள்ளை முட்டை 43 ரூபா, சிவப்பு முட்டை 45 ரூபா. எங்கள் தெருவில் அந்த விலைக்கு முட்டை தர ஒரு கடையும் ஆயத்தமாக இல்லை. “43க்கு வேணுமெண்டால் நாளைக்கு வாங்கோ” என்பார் கடைக்காரர், நாளைக்கும் அதையே சொல்வார். 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கினார்கள், முதலில் பேக்கரிகளுக்கென்று. வீட்டுக் குசினியில் கேக் அடிக்கிற எங்களைப் பேக்கரி என்று யார் கணக்கெடுத்தார்கள்?

இந்த இடத்தில்தான் நான் அம்மாவின் வழிக்குப் போனேன். துண்டு விலை சொல்வதை நிறுத்தினேன். காலையில் சொன்ன விலை பின்னேரம் நிற்காத நாட்டில் மூன்று மாதத்துக்குப் பிறகு நடக்கிற கலியாணத்துக்குத் துண்டு விலை சொல்வது சூதாட்டம். வந்தவர்களிடம் இரண்டு தாள் கொடுத்தேன். ஒன்றில் சாமான் பட்டியல், நிறையோடு, விலை இல்லாமல். “வாங்கித் தாங்கோ, அல்லது வாங்குகிற அன்றைய சிட்டையைக் காட்டுகிறேன், அந்தக் காசைத் தாங்கோ.” மற்றத் தாளில் என் கூலி. அது மாறாது. முதலில் சிலர் திரும்பிப் போனார்கள். வேறிடத்தில் துண்டு விலை பேசி, கலியாணத்துக்குக் கிட்ட “சாமான் ஏறிவிட்டது” என்று இரண்டாம் விலை கேட்கப்பட்டதும் சிலர் திரும்பி வந்தார்கள்.

இப்போது முட்டையும் சீனியும் கடையில் தாராளம். துண்டு விலை கேட்பவர்களும் திரும்பிவிட்டார்கள். 1977க்குப் பிறகு அம்மாவுக்கு நடந்தது எனக்கும் நடக்கும் என்று தெரிகிறது. வீட்டிலிருந்து செய்கிற இளம்பெண்கள் இப்போது நிறையப் பேர். கைபேசியில் கேக் படம் போட்டு ஓடர் எடுக்கிறார்கள். என்னைவிட வடிவாகப் பூ செய்கிறார்கள். அவர்களில் பலர் விலை போடுகிற முறை, பக்கத்துத் தெருவில் செய்கிறவளின் விலையில் கொஞ்சம் குறைத்துப் போடுவது. பக்கத்துத் தெருக்காரியும் அப்படித்தான் போட்டிருப்பாள். கடைசியில் யாருடைய கணக்கில் அந்த விலை தொடங்கியது என்று ஒருவருக்கும் தெரியாது. என்னிடம் பழக வருகிற பிள்ளைகளுக்கு ஐசிங் ஊசியைத் தருவதற்கு முன்னம் கொப்பியைத் திறக்கச் சொல்கிறேன். முதல் வரியில் கூலியை எழுது, பிறகு சீனியை எழுது.

கேக் சொல்லி வருகிறவர்களிடமும் ஒரு வார்த்தை. சாமானையும் கூலியையும் தனித்தனியே எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுதித் தருகிறவளிடம் சாமானில் பேரம் பேசுங்கள், சுல்தானாவைக் குறைத்துப் பூசணித் தோசியைக் கூட்டச் சொல்லுங்கள், பெட்டியை மலிவாக்கச் சொல்லுங்கள். கூலியை விட்டுவிடுங்கள். துண்டை ஆளுக்கு ஒன்றா, குடும்பத்துக்கு ஒன்றா என்று வீட்டில் தீர்மானித்துவிட்டு வாருங்கள். றிச் கேக்குக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்னதாகச் சொல்லவேண்டும், பழம் ஊறவேண்டும். மார்கழி பிறந்தால் சைவக் கலியாணம் இல்லை. அந்த மாதத்தில் நான் நத்தார் கேக் மட்டும்தான் எடுக்கிறேன்.